அரசுக் கடன் பத்திரங்கள்: சிறு விவசாயிகள் அறிய வேண்டியவை

குன்றத்தூர், செம்பரம்பாக்கம், திருமுடிவாக்கம், படப்பை வட்டாரங்களில் விவசாயியின் கைக்குப் பணம் மொத்தமாக வருவது இரண்டு வேளைகளில்தான். ஒன்று, நவரை நெல்லை அறுத்து விற்கும் வேளை. மற்றொன்று, சாலைக்கோ, மனைக்கோ, தொழிற்சாலைக்கோ நிலத்தில் ஒரு பகுதியைக் கொடுக்க நேரும் வேளை. வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வந்த பிறகு இரண்டாவது வேளை பல குடும்பங்களுக்கு வந்துவிட்டது.

விதைக்கும் உரத்துக்கும் ஏக்கர் கணக்குப் பார்த்துச் செலவிடும் விவசாயி, இவ்வாறு வந்த பணத்தை எங்கே வைப்பது என்பதில் அதே கணக்கைப் பார்ப்பதில்லை. பாதி வீட்டில் தங்கிவிடுகிறது. மீதியை யாரோ ஒருவர் அதிக வட்டி ஆசை காட்டி வாங்கிச் சென்றுவிடுகிறார். ஆகவே, அரசுக் கடன் பத்திரம் என்பது என்ன, மற்றச் சேமிப்புகள் எவை, எந்தப் பணத்தை எதில் வைக்கலாம் என்பவற்றை இங்கு காண்போம்.

பத்திரம் என்பது என்ன?

புரோநோட்டு என்றால் எல்லோருக்கும் தெரியும். கடன் வாங்குபவர் இவ்வளவு தொகையை, இவ்வளவு வட்டியுடன் திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறார். கடன் கொடுத்தவர் அதைப் பெட்டியில் வைத்துக்கொள்கிறார். கடன் பத்திரமும் இதுவேதான். அரசுக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவது அரசாங்கம். கடன் கொடுப்பவர் நீங்கள். எவ்வளவு காலத்துக்கு, என்ன வட்டி, எந்தத் தேதிகளில் வட்டி, எப்போது அசல் என்பவை முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருக்கும்.

இந்த முறை நம் விவசாயத்துக்குப் புதியது அல்ல. 1929-இல் சென்னையில் தொடங்கப்பட்ட மத்திய நில அடமானக் கூட்டுறவு வங்கி, சென்னை மாகாண அரசின் உத்தரவாதத்துடன் கடன் பத்திரங்களை விற்றுப் பணம் திரட்டியது. பழைய கடனைத் தீர்க்கவும் நிலத்தைச் சீர்திருத்தவும் விவசாயிகளுக்கு நீண்ட காலக் கடனாகச் சென்றது அந்தப் பணமே. அப்போது பத்திரத்தை வாங்கியவர் பட்டணத்துக்காரர், கடன்பட்டவர் விவசாயி. இன்று கையில் பணம் இருக்கும் விவசாயி, பத்திரம் வாங்குபவர் பக்கத்தில் உட்காரலாம். கடன் கொடுப்பவர் கேட்கும் கேள்விகளை அப்போது அவரும் கேட்க வேண்டும். நோட்டில் கையெழுத்திடுபவர் யார்? பணம் எப்போது திரும்பி வரும்? நடுவில் தேவைப்பட்டால் எடுக்க முடியுமா? வட்டி எவ்வளவு என்பது இவற்றுக்குப் பின்னால் வர வேண்டிய கேள்வி.

குத்தகையும் வாரமும்

பத்திரத்துக்கும் கம்பெனிப் பங்குக்கும் உள்ள வேறுபாடு, குத்தகைக்கும் வாரத்துக்கும் உள்ள வேறுபாடு போன்றது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டால், விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய மூட்டை வந்து சேர வேண்டும். வாரத்துக்கு விட்டால், விளைச்சலில் ஒரு பங்கு. நன்றாக விளைந்தால் அதிகம் கிடைக்கும். சாவியாகிப் போனால் ஒன்றும் இல்லை. பத்திரம் குத்தகை, பங்கு வாரம். பலருடைய பணத்தைச் சேர்த்துப் பல கம்பெனிகளின் பங்குகளை வாங்கும் பரஸ்பர நிதியும் வாரத்தின் வகையே. நட்டம் பரவலாகும், ஆனால் இல்லாமல் போகாது.

வானத்தை நம்பிப் பயிர் செய்பவர் ஏற்கனவே வாரத்தில்தான் இருக்கிறார். எனவே சேமிப்பின் பெரும்பகுதி குத்தகை போல் நிலையாக இருத்தல் நலம். ஏழெட்டு ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணம் இருந்தால் மட்டுமே பங்கு, பரஸ்பர நிதி பற்றி எண்ணலாம்.

முதலில் கடன், பிறகு சேமிப்பு

நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்பது ஆண்டுக்கு 24 சதவீதம். தனியாரிடம் இந்த வட்டிக்கு ரூ.1 லட்சம் கடன் இருந்தால் ஆண்டுக்கு ரூ.24,000 போகிறது. அதை வைத்துக்கொண்டே ரூ.1 லட்சத்தை 8.05 சதவீத அரசுப் பத்திரத்தில் போட்டால் வருவது ரூ.8,050. ஆண்டுக்கு ரூ.15,950 நட்டம். எனவே தனியார் கடனை அடைப்பதே முதல் முதலீடு. அடகு வைத்த நகையை மீட்பது அடுத்தது.

ஆனால் எல்லாக் கடனும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க் கடனை உரிய காலத்தில் கட்டுவோருக்கு வட்டி இல்லை. உழவர் கடன் அட்டையில் 2025-ஆம் ஆண்டு நிலவரப்படி ரூ.3 லட்சம் வரை 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் குறைந்து 4 சதவீதம் ஆகும். இக்கடன்களைக் கெடுத் தேதிக்குள் கட்டினால் போதுமானது. அதுவரை அந்தப் பணத்தைக் குறுகிய கால வைப்பில் வைக்கலாம். கெடு தவறினால் சலுகை போய்விடும் என்பதை மறக்கக் கூடாது.

அரசுப் பத்திர வகைகள்

1. மாறும் வட்டி சேமிப்புப் பத்திரம். 2020 ஜூலை முதல் ரிசர்வ் வங்கி வழியாக மத்திய அரசு வெளியிடுவது. குறைந்தது ரூ.1,000, உச்ச வரம்பு இல்லை. காலம் 7 ஆண்டுகள். தபால் நிலையத் தேசிய சேமிப்புப் பத்திரத்தின் வட்டியைவிட 0.35 சதவீதம் கூடுதலாக வட்டி கிடைக்கும். 2025-இல் இது 8.05 சதவீதமாக இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி விகிதம் திருத்தப்படும். ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய தேதிகளில் வட்டி வங்கிக் கணக்கில் சேரும். ரூ.1 லட்சத்துக்கு 8.05 சதவீதமானால் ஒவ்வொரு தடவையும் ரூ.4,025.

இதன் குறைகளையும் அறிய வேண்டும். 60 வயதுக்குக் குறைந்தவர் 7 ஆண்டுகளுக்கு முன் அசலை எடுக்க இயலாது. 60 முதல் 70 வயதுக்குள் உள்ளோர் 6 ஆண்டுகளுக்குப் பின்னும், 70 முதல் 80 வரை உள்ளோர் 5 ஆண்டுகளுக்குப் பின்னும், 80-க்கு மேற்பட்டோர் 4 ஆண்டுகளுக்குப் பின்னும், வட்டியில் சிறு பிடித்தத்துடன் எடுக்கலாம். இதை அடகு வைத்துக் கடன் பெறவோ, பிறருக்கு விற்கவோ முடியாது. ஆகவே கிணறு வெட்டவோ, கல்யாணத்துக்கோ நடுவில் தேவைப்படும் பணத்தை இதில் போடக் கூடாது.

2. கருவூல உண்டியல். மத்திய அரசின் குறுகிய காலக் கடன். 91, 182, 364 நாட்கள் என மூன்று வகை. இதில் வட்டி தனியாக வராது. முகமதிப்புக்குக் குறைவான விலையில் வாங்கி, கெடு முடிவில் முழுத் தொகை பெறுவதே முறை. உதாரணமாக ரூ.9,850-க்கு வாங்கினால் 91 நாள் கழித்து ரூ.10,000 வரும். நவரை நெல் விற்ற பணத்தைச் சம்பா நடவு வரை வைத்திருக்க இக்காலம் பொருத்தமானதே. எனினும் சில ஆயிரங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் வருமானம் சில நூறு ரூபாய்தான். அலைச்சல் வேண்டாம் என்போர் அதே காலத்துக்கு வங்கி வைப்பில் போடலாம்.

3. நீண்ட காலப் பத்திரங்கள். மத்திய அரசும் தமிழ்நாடு முதலான மாநில அரசுகளும் பல ஆண்டுக் காலத்துக்கு ஏலத்தில் விற்பவை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிலையான வட்டி உண்டு. ஒருகாலத்தில் பெரிய வங்கிகளும் இன்சூரன்ஸ் நிறுவனங்களும்தான் இவற்றை வாங்கின. 2021 நவம்பர் 12 அன்று தொடங்கப்பட்ட ரிசர்வ் வங்கியின் 'ரீடெயில் டைரக்ட்' திட்டத்தில் யாரும் கட்டணமின்றிக் கணக்குத் தொடங்கி, ரூ.10,000 முதல் இவற்றையும் கருவூல உண்டியலையும் நேரே வாங்கலாம்.

4. தங்கப் பத்திரம். 2015 நவம்பரில் தொடங்கிய இத்திட்டத்தில் 2024 பிப்ரவரியில் நடந்த விற்பனைக்குப் பின் 2025 முடிய புதிய வெளியீடு இல்லை. ஏற்கனவே வாங்கியவர்கள் கெடு வரை வைத்துக்கொள்ளலாம்.

விலை ஏறி இறங்குவது ஏன்?

நீண்ட காலப் பத்திரத்தைக் கெடுவுக்கு முன் விற்கலாம். ஆனால் போட்ட விலை கிடைக்கும் என்பதில்லை. ஒரு நிலம் ஆண்டுக்கு 20 மூட்டை வீதம் 10 ஆண்டுக் குத்தகையில் இருக்கிறது. அடுத்த ஆண்டு அக்கம்பக்கத்தில் 25 மூட்டைக்குக் குத்தகை பேசப்படுகிறது. இப்போது 20 மூட்டைக் குத்தகையோடு அந்த நிலத்தை வாங்க வருபவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். பத்திரமும் அப்படியே. 7 சதவீத வட்டியுள்ள ரூ.10,000 பத்திரம் ஆண்டுக்கு ரூ.700 தரும். புதிய பத்திரங்கள் ரூ.800 தரும்போது, பழையதை ரூ.10,000 கொடுத்து வாங்க ஆளிருக்காது. வெளியே வட்டி குறைந்தால் இதற்கு நேர்மாறாக விலை ஏறும்.

கெடு வரை வைத்திருப்பவருக்கு இந்த ஏற்ற இறக்கத்தால் பாதிப்பு இல்லை. அவருக்கு உரிய வட்டியும் முழு அசலும் வந்து சேரும். எனவே கெடு வரை காத்திருக்க முடிந்த பணத்தைக் கொண்டுதான் நீண்ட காலப் பத்திரம் வாங்க வேண்டும்.

தபால் நிலையச் சேமிப்புகள்

இவற்றிலும் கையெழுத்திடுவது மத்திய அரசே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அறிவிக்கப்படும். கீழே தரப்பட்டிருப்பவை 2025-ஆம் ஆண்டு நிலவரம். போடும் அன்று தபால் நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளவும்.

தேசிய சேமிப்புப் பத்திரம்: 5 ஆண்டுகள், 7.7 சதவீதம். ரூ.1,000 போட்டால் முடிவில் ரூ.1,449. இதை வங்கியில் அடமானம் வைத்துக் கடன் பெறலாம்.

கிசான் விகாஸ் பத்திரம்: 7.5 சதவீதம். 115 மாதங்களில், அதாவது 9 ஆண்டு 7 மாதத்தில் இரட்டிப்பு. இரண்டரை ஆண்டுக்குப் பின் பணத்தை எடுக்கலாம். 1988-இல் இது தொடங்கியபோது ஐந்தரை ஆண்டில் இரட்டித்தது. 2011-இல் நிறுத்தப்பட்டு 2014-இல் மீண்டும் வந்தது. பழைய நினைவில் ஐந்தரை ஆண்டு என்று எண்ணிப் பணம் போடுவோர் ஏமாற்றம் அடைய நேரும்.

மாத வருமானத் திட்டம்: 5 ஆண்டுகள், 7.4 சதவீதம். தனி நபர் ரூ.9 லட்சம், கூட்டுக் கணக்கில் ரூ.15 லட்சம் வரை. ஓராண்டுக்குப் பின் எடுத்தால் அசலில் 2 சதவீதமும், 3 ஆண்டுக்குப் பின் எடுத்தால் 1 சதவீதமும் பிடிப்பார்கள்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம்: 60 வயது நிறைந்தோருக்கு. 8.2 சதவீதம், ரூ.30 லட்சம் வரை. ரூ.1 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரூ.2,050 வரும்.

செல்வமகள் சேமிப்புத் திட்டம்: 10 வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைக்கு. 8.2 சதவீதம். ஆண்டுக்கு ரூ.250 முதல் ரூ.1.5 லட்சம் வரை 15 ஆண்டுகள் கட்டலாம். 21 ஆண்டில் முதிர்வு.

வங்கி வைப்பு

வங்கி ஒன்று நொடித்தால், ஒருவருக்கு ஒரு வங்கியில் உள்ள எல்லா வைப்புகளுக்கும் சேர்த்து ரூ.5 லட்சம் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி 4 முதல் இது அமலில் உள்ளது. ரூ.5 லட்சத்துக்கு மேல் இருந்தால் இரண்டு வங்கிகளில் பிரித்து வைப்பது நல்லது. மாநில, மத்தியக் கூட்டுறவு வங்கிகளுக்கும் இக்காப்பீடு பொருந்தும். கிராம அளவிலான தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் வைப்புகளுக்கு இது பொருந்தாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

நிலம் விற்ற பணம்

விவசாய நிலம் விற்றால் வரி இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். கிராமப்புற விவசாய நிலத்துக்கே அது பொருந்தும். நகராட்சி எல்லைக்குள் உள்ள நிலமும், அவ்வூரின் மக்கள்தொகையைப் பொறுத்து எல்லையிலிருந்து நேர்கோட்டில் 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்குள் உள்ள நிலமும் வருமான வரிச் சட்டப்படி கிராமப்புற நிலம் ஆகாது. 2021-இல் குன்றத்தூர் நகராட்சியாகவும் தாம்பரம் மாநகராட்சியாகவும் உயர்ந்தன. எனவே நெல் விளையும் நிலமேயானாலும் இப்பகுதியில் விற்றால் மூலதன ஆதாய வரி வரக்கூடும்.

இவ்வரியைத் தவிர்க்க '54-இ.சி. பத்திரம்' என்று அழைக்கப்படும் கடன் பத்திரங்கள் உதவும். ஆர்.இ.சி., பி.எஃப்.சி., ஐ.ஆர்.எஃப்.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் இவற்றை வெளியிடுகின்றன. விற்ற நாளிலிருந்து 6 மாதத்துக்குள் ஆதாயத் தொகையை, ரூ.50 லட்சத்துக்கு மிகாமல் போட வேண்டும். காலம் 5 ஆண்டுகள். 2025-இல் வட்டி 5.25 சதவீதம்தான். இதன் பயன் வட்டியில் அல்ல, மிச்சமாகும் வரியில் உள்ளது. விவசாயம் செய்த நிலத்தை விற்று 2 ஆண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்குவோருக்கும் சலுகை உண்டு. கிரயம் பதிவு செய்வதற்கு முன்பே ஆடிட்டர் ஒருவரிடம் கலந்துகொள்ளுங்கள். 6 மாதம் கடந்தபின் சென்றால் இந்தப் பத்திரத்தால் பயனில்லை.

மாதிரிக் கணக்கு

வரி போக ஒரு குடும்பத்தின் கையில் ரூ.10 லட்சம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2 வட்டிக்கு வாங்கிய ரூ.2 லட்சம் கடன் உண்டு. மகளின் மேற்படிப்பு 5 ஆண்டில் வருகிறது.

(1) தனியார் கடனை அடைக்க ரூ.2 லட்சம். ஆண்டுக்கு ரூ.48,000 வட்டி மிச்சம்.

(2) ஒரு போகச் சாகுபடிக்கும் அவசரச் செலவுக்கும் ரூ.1.5 லட்சம். வங்கிச் சேமிப்புக் கணக்கிலும் குறுகிய கால வைப்பிலும்.

(3) மகள் படிப்புக்கு ரூ.2 லட்சம் தேசிய சேமிப்புப் பத்திரத்தில். 5 ஆண்டு முடிவில் சுமார் ரூ.2,89,800.

(4) மாறும் வட்டிப் பத்திரத்தில் ரூ.3 லட்சம். 8.05 சதவீதமானால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரூ.12,075.

(5) மாத வருமானத் திட்டத்தில் ரூ.1.5 லட்சம். மாதம் ரூ.925.

முழுத் தொகையையும் 8.05 சதவீதப் பத்திரத்தில் போட்டிருந்தால் ஆண்டுக்கு ரூ.80,500 வரும். ஆனால் பழைய கடன் வட்டிக்கே அதில் ரூ.48,000 போய்விடும். உரம் வாங்க மறுபடியும் கடன், படிப்புக்கு மறுபடியும் கடன் என்று ஆகும். அவரவர் தேவைக்கு ஏற்ப இத்தொகைகளை மாற்றிக்கொள்ளலாம். எந்தப் பணம் எந்தத் தேதியில் தேவை என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்வதே முக்கியம்.

அதிக வட்டி என்றால் எச்சரிக்கை

2012-இல் பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழிப் பண்ணைத் திட்டங்கள் சரிந்தபோது பணத்தை இழந்தவர்களில் விவசாயிகள் பலர். 2022-இல் பொருளாதாரக் குற்றப்பிரிவின் வழக்குக்கு உள்ளான ஆருத்ரா நிறுவனம், மாதத்துக்கே 25 சதவீதத்துக்கு மேல் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டியதாகப் புகார். அரசு ஆண்டு முழுவதற்கும் 8 சதவீதம் தரும்போது, ஒரே மாதத்தில் அதைப் போல் மூன்று மடங்கு தர எந்தத் தொழிலாலும் இயலாது. பின்னால் வருபவரின் பணத்தை எடுத்து முன்னால் வந்தவருக்குக் கொடுப்பதே அங்கு நடக்கும். முதல் சில மாதம் பணம் ஒழுங்காக வருவது நம்பிக்கைக்கு அடையாளம் அல்ல.

ஏலச்சீட்டு போடுவோர், அது 1982-ஆம் ஆண்டுச் சிட் பண்டுச் சட்டப்படி பதிவானதா என்று பார்க்க வேண்டும். ஏமாற்றப்பட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் செய்தல் வேண்டும். 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டப்படி மோசடி நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி ஏலம் விட வழி உண்டு. ஆயினும் இழந்தது முழுதும் திரும்பும் என்று இருக்க முடியாது.

வாங்கும்போது கவனிக்க

பான் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றுடன் வங்கிக்கோ தபால் நிலையத்துக்கோ நேரில் செல்லுங்கள். மாறும் வட்டிப் பத்திரம் பாரத ஸ்டேட் வங்கியிலும் தேசிய வங்கிகளிலும் கிடைக்கும். இதற்குத் தாள் பத்திரம் வராது. வைத்திருப்புச் சான்று ஒன்று தருவார்கள். அதைப் பட்டாவைப் போல் பத்திரப்படுத்துங்கள். பணத்தைக் காசோலையாகவோ கணக்கு மாற்றாகவோ மட்டும் கொடுங்கள். வீடு தேடி வருபவரிடம் ரொக்கம் கொடுக்க வேண்டாம். கைப்பேசியில் பிள்ளைகளின் உதவியோடு ரீடெயில் டைரக்ட் கணக்குத் தொடங்கினால், கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது.

நாமினி பெயரைத் தவறாமல் எழுதுங்கள். எந்தப் பணம் எங்கே இருக்கிறது என்பது மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும். குடும்பத் தலைவர் மறைந்தபின் பத்திரம் இருப்பதே தெரியாமல் போனால், சேர்த்தும் பயனில்லை.

விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் பத்திர வட்டியும் வைப்பு வட்டியும் வருமானத்தில் சேரும். வரி வரம்புக்குள் வராதவர்கள் ஆண்டுத் தொடக்கத்தில் அதற்கான உறுதிமொழிப் படிவத்தை வங்கியில் கொடுத்தால் வரிப் பிடித்தத்தைத் தவிர்க்கலாம்.

அரசுப் பத்திரம் யாரையும் பணக்காரர் ஆக்கிவிடாது. விலைவாசி உயர்வைச் சற்றே மிஞ்சும் வட்டிதான் அதில் கிடைக்கும்; சில ஆண்டுகளில் அதுவும் கிடைக்காது. ஆனால் சொன்ன தேதியில் சொன்ன பணம் வரும். ஏரி நிறையாத ஆண்டிலும், நெல் விலை விழுந்த ஆண்டிலும் விவசாயி கடைத்தெருவில் கடனுக்கு நிற்காமலிருக்க அந்தப் பணம் உதவும். அடுத்த அறுவடைப் பணம் கைக்கு வருமுன், எது எப்போது தேவை என்னும் கணக்கைக் குடும்பத்தோடு உட்கார்ந்து எழுதிவிடுங்கள்.